கட்டத்துக்குள் ஒரு பூஜ்யம்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் தொழிற்சாலை கேட்டில் நிற்கும் காவலாளி முதல், மாடியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் வரை அவரை ‘ஃபார்முலா சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட ஆரம்பித்தவர்கள் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கேலிக்கும் பாராட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை அவர். இரண்டில் எது தனக்கு வசதியோ அதை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

படிப்பில் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. கல்லூரியில் வாயு விரிவடையும்போது அது செய்யும் வேலையைக் கணக்கிடும் பாடம் வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் முழித்தார்கள். அழுத்தத்தையும் கன அளவு கூடியதையும் பெருக்கினால் போதாதா என்று கேட்டார்கள். போதாது, வாயு விரிய விரிய அதன் அழுத்தம் குறைந்துகொண்டே வரும், ஆகவே ஒரே பெருக்கலில் வேலை ஆகாது, வளைகோட்டை வரைந்து அதன் கீழே இருக்கும் இடத்தைப் பட்டை பட்டையாக வெட்டிக் கூட்ட வேண்டும். இதை வகுப்புக்கு விளக்கியவரே அவர்தான். வரைபடத் தாளில் அவர் எண்ணிய கட்டங்களைப் பேராசிரியர் மற்ற மாணவர்களுக்குத் தூக்கிக் காட்டினார்.

ஆனால் அதே கல்லூரியில் அவர் இன்னொரு வித்தையையும் கற்றுக்கொண்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் இருக்கும். முதலில் விடையைப் பார்ப்பார். அங்கிருந்து பின்பக்கமாகவே நடந்து கேள்விக்கு வந்து சேர்வார். வழியில் எந்தப் படி இடித்தாலும் அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்வார். வேலைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தின் இடத்தில் மேனேஜரின் முகம் வந்து உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருடம் அந்த முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டார். கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. தப்பினதெல்லாம் வேறு.

அந்தத் தொழிற்சாலையில் காற்றையும் வாயுவையும் அடைத்து வைக்கும் இரும்புத் தொட்டிகள் செய்கிறார்கள். வெல்டிங் புகை வெளியே போக எத்தனை விசிறி வேண்டும் என்று ஒருமுறை கேட்டார்கள். முறையாகப் போட்டால் ஆறு வரும். மேனேஜர் முகத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. ஃபார்முலா யோசித்தார். மனிதன் மூச்சு விடுவது தலை உயரம் வரைக்கும்தானே, அதற்கு மேலே இருக்கும் காற்றை எதற்குக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கூரையை ஆறடிக்கு இறக்கிவிட்டார். விடை இரண்டு வந்தது. புகைக்கு ஃபார்முலா தெரியாததால் அது இன்றுவரை கூரை வரைக்கும் போய் முட்டித் திரும்பி வெல்டர்களின் மூக்குக்குள்ளேயே குடியிருக்கிறது.

இவ்வளவு தைரியசாலி வீட்டில் எப்படி இருப்பார் என்று கேட்டால் சிரிப்பு வரும். குக்கரைக் கண்டால் அவருக்கு ஆகாது. அடுப்பில் குக்கர் ஏறியதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். விசில் அடங்கி, மூடி திறந்து, ஆவி போன பிறகுதான் உள்ளே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரப்பர் வளையத்தை அவரே மாற்றுவார். மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை அட்டையின் பின்னால் எறும்பு போல இருக்கும் எழுத்தையும் படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பாள். கல்யாணமான புதிதில் அவரைக் கேட்டாள்.

“எதுக்கு இப்படி ஓடறீங்க?”

“உனக்குத் தெரியாது. உள்ள அடைபட்ட காத்து விரிஞ்சா என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும்.”

தெரியும் என்று அவரே சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவிக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனுக்குப் பத்து வயதானதிலிருந்து வளர்த்தவள் அவள்தான். அவனை வெல்டிங் படிக்க வைத்து, ஃபார்முலாவின் காலைச் சுற்றி வந்து, அதே தொழிற்சாலையில் சேர்த்தும் விட்டாள். மைத்துனன் வெள்ளை மனசுக்காரன். வேலையில் கை சுத்தம். மாமா ஒன்று சொல்லிவிட்டால் அவனுக்கு அது வேதவாக்கு. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஃபார்முலாவைக் கிண்டல் செய்தால் இவன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விடுவான்.

இனி அந்தத் தொட்டியின் கதை. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தொட்டி. ஒரு லாரி நீளம் இருக்கும். செய்து முடித்ததும் அதைச் சோதிக்க வேண்டும். தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் வழக்கம். தண்ணீர் அமுங்காத சாமான். எங்காவது வெல்டிங் விட்டுக்கொடுத்தாலும் ஒரு வாளித் தண்ணீர் சீறி வெளியே வரும், அழுத்தம் காட்டும் கேஜில் முள் விழும், கதை முடிந்தது. ஆனால் இந்த வாடிக்கையாளர் உள்ளே ஈரமே படக்கூடாது என்றார். தண்ணீர் விட்டால் வடித்து, துடைத்து, சூடு காட்டி உலர்த்த மூன்று நாள் ஆகும். மேனேஜர் வெள்ளிக்கிழமை அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். காற்றாலேயே சோதித்துவிடலாம் என்று அவருக்கு யோசனை பிறந்தது. காற்றை அடைத்து, எட்டுப் பேர் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரை வெல்டிங் தையல் தையலாகத் தடவ வேண்டும். எங்கே நுரை வருகிறதோ அங்கே ஓட்டை.

காற்றால் சோதிப்பதென்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம்: ‘கலம் உடைந்தால் உள்ளிருக்கும் வாயு விரிந்து செய்யும் வேலை எத்தனை ஜூல்?’ பத்து லட்சத்துக்கு மேல் போனால் அறுபது மீட்டருக்குள் ஓர் ஆளும் நிற்கக்கூடாது. அந்தக் கூடத்தின் நீளமே நாற்பது மீட்டர்தான்.

ஃபார்முலா முதலில் ஒழுங்காகத்தான் போட்டார். சோதனையில் பதினைந்து ‘பார்’ அழுத்தம் என்று கேஜ் காட்டும், அதோடு வெளிக்காற்றின் ஒன்றையும் சேர்த்துப் பதினாறு. உடையும்போது கண் மூடித் திறப்பதற்குள் விரியும், வெப்பம் உள்ளே வர நேரம் இருக்காது. அதற்குரிய வளைகோட்டை வரைந்தார். கல்லூரியில் வெட்டிய அதே பட்டைகளை வெட்டினார். அழகாக வந்தது விடை. இரண்டு கோடி ஜூலுக்கும் மேல். பத்து டன் லாரியை அறுபது மாடிக்கு மேலே தூக்கிப் போடுகிற வேலை. தண்ணீர் என்றால் அதே தொட்டியில் அதே அழுத்தத்தில் ஆறாயிரத்தைத் தாண்டாது. அதையும் பக்கத்திலேயே எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார்.

மேனேஜர் தாளைப் பார்த்தார். பிறகு ஃபார்முலாவைப் பார்த்தார்.

“என்ன சார் இது, டெலிபோன் நம்பர் மாதிரி இருக்கு?”

“கணக்கு அப்படித்தான் சார் வருது.”

“நீங்க போட்டு வராத கணக்கா? வேற வழியில பாருங்க. வெள்ளிக்கிழமை வண்டி சொல்லியாச்சு.”

அவ்வளவுதான். மேனேஜர் அதட்டவில்லை, மிரட்டவில்லை, வேலையை விட்டுத் தூக்குவேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இந்த மனிதருக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசலாம். ‘நீங்க போட்டு வராத கணக்கா’ என்ற ஒரு வரிக்கே உச்சி குளிர்ந்து தன் மேஜைக்குத் திரும்பினார். முதல் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புதுத் தாள் எடுத்தார். அரை மணி நேரத்தில் வழி கிடைத்துவிட்டது.

தொட்டியின் சுவர் இரும்பு. இரும்பு நகராது. சுவர் நகராவிட்டால் உள்ளே இருக்கும் வாயுவின் கன அளவு மாறாது. கன அளவு மாறாவிட்டால் வாயு வேலையே செய்யவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள சத்தியம் இது, யாரும் மறுக்க முடியாது. ஆகவே கட்டத்துக்குள் பூஜ்யம் என்று போட்டார். ‘கலத்தின் சுவர் இறுகியது எனக் கொள்க’ என்று கீழே முத்து முத்தான கையெழுத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்.

திருடன் வந்தால் என்னென்ன போகும் என்று கேட்டால், கதவுதான் பூட்டியிருக்கிறதே, ஒன்றும் போகாது என்று சொல்வதைப் போன்ற பதில். உடைந்தால் என்ன ஆகும் என்று படிவம் கேட்டது. உடையாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று இவர் எழுதிக் கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் இரண்டு கோடியை ஒரு பூஜ்யத்துக்குள் மறைத்தார். மேனேஜர் கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொன்னார்.

வியாழக்கிழமை காலை சோதனைக் கூடத்தில் ஆட்கள் தயங்கி நின்றார்கள். அங்கே சோப்புக்கார அக்கா என்று ஒருத்தி. சோப்புத் தண்ணீர் கலக்குவதும் நுரையைப் பார்த்து ஓட்டையைச் சொல்வதும் இருபது வருடமாக அவள் வேலை. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஃபோர்மேனைக் கேட்டாள்.

“இவ்ளோ பெரிய தொட்டிக்குக் காத்தா? தண்ணி விட்டா என்ன?”

“பலகையில ஒட்டியிருக்கு பாரு. ஆபத்து பூஜ்யமாம்.”

“பலகையா வந்து தடவப் போகுது?”

யாரும் அசையவில்லை. அப்போதுதான் மைத்துனன் வெல்டிங் பக்கத்திலிருந்து வந்தான். அவன் அந்தக் கூடத்து ஆளே இல்லை. பலகையைப் படித்தான், கையெழுத்தைப் பார்த்தான், முகம் மலர்ந்துபோனது.

“எங்க மாமா போட்ட கணக்கு இது. அவர் எழுதினா எழுதினதுதான். நான் மேல ஏறிக்கறேன், ஒரு பிரஷ் குடுங்க.”

அவன் ஏணி வைத்து ஏறித் தொட்டியின் முதுகில் கால் இரண்டையும் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டான். சொந்த மைத்துனனே ஏறிவிட்டான், இனிமேல் என்ன என்று மற்ற ஏழு பேரும் பிரஷ்ஷை எடுத்தார்கள். சோப்புக்கார அக்கா முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்தாள். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது.

ஃபார்முலா மாடியில் கண்ணாடி அறையில் இருந்தார். அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கனமான சுவர். டீ குடித்துக்கொண்டே தற்செயலாகக் கீழே பார்த்தார். ஹெல்மெட்டுகளை எண்ணினார், எட்டு. தொட்டியின் மேலே இருந்த ஹெல்மெட் நிமிர்ந்து பார்த்து, மாமாவை அடையாளம் கண்டு, பிரஷ்ஷை ஆட்டியது.

டீக் கோப்பையை மேஜைமேல் வைத்தார். கேஜில் முள் நான்கில் இருந்தது.

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். காலையிலிருந்து ஏழு பேர் அங்கே நின்றிருக்கிறார்கள். அவர்கள் வெறும் ஹெல்மெட்டுகளாகத்தான் தெரிந்தார்கள். எட்டாவது ஆளுக்கு முகம் இருந்தது. அந்த முகத்துக்கு அப்பால் அவர் வீட்டுச் சமையலறையில் நிற்கும் இன்னொரு முகமும் தெரிந்தது. சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் இருந்த இடத்தில் கை தானாகப் போய் விழுந்தது. படிகளில் இறங்கி ஓடினார்.

மேனேஜரிடம் போய் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். கம்ப்ரஸர் சுவிட்ச் படிக்குப் பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். கணக்குத் தப்பு என்று ஒரே ஒரு தடவை வாயைத் திறந்திருக்கலாம். இந்த மூன்றும் அவருக்குத் தோன்றின. மூன்றுமே வசதியாக இல்லை. கூடத்தின் தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டினால் சோதனை இடம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

“டேய், கீழ எறங்கு. அக்காவுக்கு உடம்பு சரியில்லையாம், போன் வந்துச்சு. உடனே வீட்டுக்குப் போ.”

முள் ஏழைத் தாண்டியிருந்தது. மைத்துனன் அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு இறங்கினான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டைப் பார்த்து ஓடினான். ஃபார்முலாவுக்கு மூச்சு வந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடக்கப் பார்த்தார்.

சோப்புக்கார அக்கா தடவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவனிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

“எல்லார் போனையும் கேட்டுலயே வாங்கிப் பெட்டியில வெச்சுப் பூட்டிடறாங்க. இவருக்கு மட்டும் எதுல போன் வந்துச்சு?”

அவன் ஃபார்முலாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதையும், அவர் செருப்பு நுனி மஞ்சள் கோட்டைத் தொடாமல் நிற்பதையும் பார்த்தான். அக்கா பிரஷ்ஷை வாளியில் போட்டாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வெளியே வந்தாள். அவன் வந்தான். இன்னொருவன் வந்தான். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. ஏழு பேரும் வரிசையாக வாசலுக்குப் போய் வெயிலில் நின்றார்கள். பலகையில் ஒட்டிய கணக்கு அவர்களில் ஒருவருக்கும் புரிந்ததில்லை. இந்தக் கணக்கு எல்லாருக்கும் உடனே புரிந்தது.

ஃபோர்மேன் கம்ப்ரஸரை நிறுத்தினார். மேனேஜர் இறங்கி வந்தார்.

“எல்லாரும் ஏன் வெளிய நிக்கறீங்க?”

“ஃபார்முலா சார் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம் சார். நாங்களும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறோம்” என்றாள் சோப்புக்கார அக்கா.

மேனேஜர் ஃபார்முலா பக்கம் திரும்பினார். “கணக்கு பூஜ்யம்தானே சார்?”

“பூஜ்யம்தான் சார்.”

“அப்ப நீங்க வந்து தடவுங்க” என்றாள் அக்கா. “வாளி அங்கயே இருக்கு. முள்ளும் எட்டுலதான் நிக்குது.”

ஃபார்முலா வாளியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், மேனேஜர் முகத்தைப் பார்த்தார். முதல்முறையாக அந்த முகத்தில் எந்த விடையும் எழுதியிருக்கவில்லை. மேனேஜரும் தன் கால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் இரண்டு பேரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் அப்படியே நின்றார்கள். கடைசியில் ஃபோர்மேன்தான் வால்வைத் திறந்து காற்றை விட்டார். கூடம் முழுக்க ஊளை கேட்டது.

சனிக்கிழமை தண்ணீர் விட்டுச் சோதித்தார்கள். வாடிக்கையாளரிடம் மேனேஜர் என்ன பொய் சொன்னாரோ, அது அவர் பாடு. முள் பன்னிரண்டைத் தொட்டபோது மேலே, குழாய் சேரும் இடத்துத் தையல் பிளந்தது. சரியாக மைத்துனன் கால் தொங்கப்போட்டிருந்த இடம். ஒரு வாளித் தண்ணீர் சீறி மேனேஜரின் ஷூவை நனைத்தது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. சோப்புக்கார அக்கா அந்தப் பிளவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவள் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

ஃபார்முலாவுக்கோ தலை நிமிர்ந்துவிட்டது. இரண்டு நாளாக வீட்டில் அவருக்குப் போதாத காலம். வியாழக்கிழமை மைத்துனன் வீடு பூட்டியிருப்பதைக் கண்டு ஹெல்மெட்டோடு மூச்சிரைக்க மருந்துக் கடைக்குள் ஓடி, அக்கா குத்துக்கல் மாதிரி நின்று மாத்திரை எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்திருக்கிறான். அதிலிருந்து மனைவி கேட்டதற்கெல்லாம் ஏதோ தகவல் கோளாறு என்று சொல்லி மழுப்பிக்கொண்டிருந்தார். இப்போதுதான் பிளவு வந்துவிட்டதே. மழுப்ப வேண்டிய அவசியம் இல்லை, பெருமையே அடித்துக்கொள்ளலாம். சனிக்கிழமை சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். மைத்துனனும் அங்கே சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தான்.

“நான் மட்டும் அன்னைக்குக் கூப்பிடலைன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா? உன் தம்பி உக்காந்திருந்த எடத்துலயே விட்டுருக்கு. எனக்கு மனசுல பட்டுச்சு, ஓடினேன்.”

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். நான்காக மடித்த தாள். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் எடுத்திருக்கிறாள். மாத்திரை அட்டையைப் படிப்பவள் அதையும் விடாமல் படித்திருக்கிறாள். தேதி புதன்கிழமை என்றிருந்தது.

மைத்துனன் எழுந்து வந்து தாளைப் பிரித்துப் பார்த்தான். வளைகோடும் பட்டைகளும் அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் கோடு போட்டிருந்த எண்ணின் இலக்கங்களை விரலால் எண்ணினான். எட்டு வந்தது. திரும்ப மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தான்.

“பலகையில வேற கணக்கு ஒட்டியிருந்துதே, சார்” என்றான். அக்காவுக்குக் கல்யாணமான பதினாலு வருடத்தில் அவன் வாயிலிருந்து மாமா என்ற சொல் வராதது அன்றுதான்.

ஃபார்முலா அவனை விட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார். “எது எப்படியோ, உன் தம்பிய உயிரோட கொண்டுவந்து சேத்துட்டேன்ல? அதச் சொல்லு.”

“சேத்தீங்க” என்றாள் அவள். குக்கரை எடுத்து அடுப்பில் வைத்து மூடியைத் திருகினாள். “அங்க எத்தனை பேரு இருந்தாங்க?”

“இவனோட சேத்து எட்டு.”

“மத்த ஏழு பேருக்கும் அக்கா கெடையாதா?”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். வேறு எந்த வழியாகப் போனாலும் இதற்கு விடை வரவில்லை. அடுப்பில் குக்கர் உஸ்ஸென்று ஆவி பிடிக்க ஆரம்பித்ததும் எழுந்து வாசலுக்குப் போனார்.